இலவசக் கல்வி தோட்டத்துக்கு வந்துவிட்டதா?

கேள்வி: பாடசாலை இலவசம்தானே? பிறகு ஏன் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்?
– வாசகி, கலஹா

பதில்: 1945இல் இலங்கையின் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, தோட்டங்களை உடனே எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். ஒரு தலைமுறைக்கும் மேலான அந்தப் பின்னடைவு இன்னும் தீரவில்லை.

பாடநூலும் சீருடைத் துணியும் இலவசம். கொப்பி, சப்பாத்து, பஸ் காசு போன்ற செலவுகள் பெரும்பாலும் பெற்றோர் தலையில். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இவையே பெரும் பாரம். தெல்தோட்டை, புஸ்ஸல்லாவை, இரங்கலை மலைகளில் ஆரம்பப் பாடசாலை தரம் 5உடன் முடிந்தால், அடுத்த பாடசாலைக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். பிள்ளைகள் பலர் அங்கேயே நின்றுபோகிறார்கள். தூரத்துப் பாடசாலைக்கு வரும் ஆசிரியர்களும் நகரத்துக்கு இடமாற்றம் கேட்கிறார்கள். வெற்றிடம் நிரம்பத் தாமதமாகிறது.

5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். ஆகவே இது சலுகை அல்ல, உங்கள் பிள்ளையின் உரிமை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். ஆசிரியர் வெற்றிடங்களை எழுதி, பெற்றோர் எல்லோரும் கையொப்பமிட்டு, வலயக் கல்விப் பணிமனையில் கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.