கொக்குவிலிலிருந்து லெ மான் பந்தயம் பார்ப்பவனுக்குச் சில யோசனைகள்

பிரான்ஸ் தேசத்தின் லெ மான் நகரில், ஜூன் மாத நடுப்பகுதியில் வரும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு அறுபதுக்கு மேற்பட்ட பந்தயக் கார்கள் அந்நாட்டு மூவர்ணக் கொடியின் அசைவோடு புறப்படும்போது, கொக்குவிலில் நேரம் மாலை ஏழரை மணி. மஞ்சவனப்பதி முருகன் கோயிலின் மணியோசை அடங்கி, காங்கேசன்துறை வீதியில் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு, சோளகக் காற்றுப் பனையோலைகளைச் சரசரக்கச் செய்யும் அந்த வேளையில் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு அமரும் ஒருவனுக்கு, மறுநாள் அதே ஏழரை மணி வரையில் ஓயாத துணையாக அந்தப் பந்தயம் இருக்கிறது. அத்தனை நீண்ட நேரத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது, எப்போது உறங்குவது என்னும் விஷயங்களைப் பல வருஷப் பழக்கத்தில் நான் அறிந்துகொண்ட அளவில், புதிதாகப் பார்க்க விரும்பும் அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

1923ஆம் ஆண்டு மே மாதத்தில் முதன்முதல் ஓடப்பட்ட இப்பந்தயத்தின் பாதை, ஒரு பகுதி பொது வீதிகளும் ஒரு பகுதி பந்தயத்துக்கென்றே அமைந்த தளமுமாக, ஒரு சுற்றுக்கு 13.626 கிலோமீற்றர் நீளமுடையது. ஒரு காருக்கு மூன்று சாரதிகள் முறைமாறி ஓட்ட, இருபத்துநான்கு மணி நேர முடிவில் எவருடைய கார் அதிக தூரம் போயிருக்கிறதோ அவருக்கே வெற்றி. 2025இல் வென்ற 83ஆம் இலக்க மஞ்சட் பெராரி 387 சுற்றுக்கள் ஓடிற்று. கொக்குவிலிலிருந்து கொழும்புக்கு ஆறு தடவை போய்த் திரும்பினாலும் அந்தத் தூரம் தீராது என்று கணக்குப் பார்த்தால், இயந்திரத்தின் மீது எத்தகைய பாரம் சுமத்தப்படுகிறது என்பது பிரத்தியட்சமாகும். இயந்திரத்தைப் பேணுதல் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் போதிக்கவேண்டியதில்லை. எரிபொருள் தடைப்பட்டிருந்த 1990களில், ஒரு மிடறு பெற்றோலைக் கொடுத்து உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயிலே ஓடவிட்ட ஒஸ்ரின் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் கண்ட கண்களுக்கு, பந்தய வேகத்தைக் காட்டிலும் பந்தயத்தின் நெடுமையே முதலில் நெஞ்சில் தைக்கும். இந்தப் பந்தயம் நம்மவருக்கு உரியது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

முதற் காரியம், எந்தப் பந்தயத்தைப் பார்ப்பது என்று தீர்மானித்தல். லெ மானை ஆரம்பம் முதல் முடிவு வரை முழுமையாகப் பார்க்க, உலக நெடும்பந்தயத் தொடரின் செயலிக்குக் கட்டணம் செலுத்தவேண்டும். நால்வர் சேர்ந்து ஒருவர் பெயரில் கட்டி ஒரே வீட்டில் கூடிப் பார்ப்பது செலவுக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. கட்டணம் இல்லாமற் பழக விரும்புகிறவர், ஜனவரியில் நடைபெறும் துபாய் 24 மணிப் பந்தயத்தை யூரியூப்பிலே பார்க்கலாம். துபாயின் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னாலிருப்பதால் உறக்கக் கணக்கும் அதிகம் குழம்பாது. 2025இல் நடிகர் அஜித் குமாரின் குழு அங்கே 992 என்னும் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது, அதுவரை கார்ப்பந்தயத்தைத் திரும்பியும் பாராத எத்தனையோ தமிழ் வீடுகளில் அந்த ஒளிபரப்பு ஓடிற்று. பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சிதைந்ததும், குழுவின் நன்மையை எண்ணி அவர் அந்தக் காரின் சாரதிப் பொறுப்பிலிருந்து தாமே விலகி வேறொரு குழுவின் காரை ஓட்டியதும், வெற்றிச் செய்தியைவிட அதிகமாக இந்த விளையாட்டின் சுபாவத்தை எடுத்துக்காட்டுவன. பெல்ஜியத்தின் ஸ்பா, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஆகிய இடங்களின் 24 மணிப் பந்தயங்களும் யூரியூப்பில் இலவசமாகக் கிடைப்பவையே. ஆயினும் தலையாயது லெ மான். இனி எழுதுவதெல்லாம் அதை மனத்திற்கொண்டே.

இரண்டாவது, மின்சாரமும் இணையமும். ஒரு வருஷம் விடியற்காலை நான்கு மணியளவில் எங்கள் ஒழுங்கையில் மின்சாரம் நின்றுபோக, முன்னேற்பாடு எதுவும் இல்லாதிருந்த நான் பந்தயத்தின் மூன்று மணி நேரத்தை இழந்தேன். அதன்பின் கைத்தொலைபேசிக்கு ஒரு மின்சேமிப்பியும், இணையப் பெட்டிக்கு ஒரு சிறு மின்கலமும் எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்கிறேன். படத்தை உயர்தரத்தில் ஓடவிட்டால் ஒரு மாதத்துக்கு வாங்கிய டேற்றா ஓர் இரவிலே தீர்ந்துபோகக்கூடும். நடுத்தரப் படம் கண்ணுக்குப் போதும். படமே வராத சமயத்தில் றேடியோ லெ மான் என்னும் ஆங்கில வானொலியின் நேர்முக வர்ணனை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதற்கு மணிக்கு 30 மெகாபைட் அளவே செலவாகும். மின்வெட்டும் பெற்றோல் வரிசையும் நாட்டை வாட்டிய 2022 ஜூனில், ரொயோட்டாவின் 8ஆம் இலக்கக் கார் வென்ற பந்தயத்தை நான் பெரும்பகுதி இருளில் காதாலேயே பார்த்தேன். வீதியில் ஒரு போத்தல் பெற்றோலுக்காக இரவெல்லாம் நிற்பவர்களை எண்ணுகையில், அங்கே எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு வர்ணனையும் மனத்தை உறுத்தியது. அந்த உறுத்தலோடுதான் கேட்டேன். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றாவது காரியம் வெள்ளிக்கிழமையே செய்யவேண்டியது: ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, பங்குபற்றும் கார்களின் பட்டியலை ஒருமுறை நிதானமாக வாசித்தல். ஹைப்பர்கார், எல்எம்பீ2, எல்எம்ஜீரி3 என்று மூன்று பிரிவுகள் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இலக்கப் பலகையின் நிறம் பிரிவுக்குப் பிரிவு வேறுபடும்; முதலாவதற்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம். முதற் பிரிவினர் ஒரு சுற்றை மூன்றரை நிமிட அளவில் ஓட, மூன்றாம் பிரிவினருக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் செல்கிறது. ஆகவே வேகமானவை மெதுவானவற்றை இரவும் பகலும் முந்திக்கொண்டே இருக்கும். புதிதாகப் பார்ப்பவன் இதனை ஒரே போட்டியென்று எண்ணி யார் யாரை முந்தினார் என்று திகைக்கிறான். மூன்று பந்தயங்கள் ஒரே வீதியைப் பகிர்ந்துகொள்கின்றன என்று எண்ணிக்கொண்டால் திகைப்புத் தீரும்.

பட்டியலை வாசித்தபின் ஒரேயொரு காரைத் தெரிந்தெடுக்கவேண்டும். இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் இதனை மறக்கலாகாது. அந்தக் கார் முதலிடத்துக்கு உரியதாக இருக்கவேண்டியதில்லை. மூன்றாம் பிரிவிலுள்ள ஒரு காராயின் மிக நன்று. அப்பிரிவில் ஒவ்வொரு குழுவிலும் தொழில்முறைச் சாரதிகளோடு, வேறு தொழில் செய்துகொண்டு ஆசையினால் ஓட்டவரும் ஒருவரும் இருந்தே தீரவேண்டும் என்பது விதி. தம் முறை வரும்போது, பின்னால் மின்னல்போல் வரும் ஹைப்பர்கார்களுக்கு வழிவிட்டு, இருளில், சில வேளை மழையில், அவர் தம் காரைக் காப்பாற்றிக் கொண்டுவந்து மற்றவரிடம் ஒப்படைப்பதைப் போன்ற நாடகம் முன்னணியில் நிகழ்வதில்லை. என்னோடு முதன்முறை பார்க்க அமர்ந்த மருமகன், "மாமா, முன்னுக்குப் போற காரை விட்டிட்டு ஏன் இந்தக் கடைசியில வாறதையே பாக்கிறியள்?" என்று கேட்டான். "முன்னுக்குப் போறதை ரீவிக்காரன் காட்டுவான் தம்பி, இவனை நாங்கள்தான் பாக்கவேணும்" என்றேன். நள்ளிரவுக்குப் பின் அந்தக் காரின் இலக்கத்தை என்னிலும் முந்தி அவன் தேடினான்.

பந்தயம் தொடங்கிய முதல் மூன்று மணி நேரத்தில் முந்துவதையும் பிந்துவதையும் பெரிதாகக் கொள்ளாது, நேரப் பட்டியலை வாசிக்கப் பழகவேண்டும். போட்டியின் நேரப் பட்டியல் இணையத்தில் ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டு ஓடும். அதில் நமது கார் எத்தனை சுற்று முடித்தது, கடைசிச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது, எத்தனை தடவை பிற்று எனப்படும் தரிப்பிடத்துக்குள் வந்தது என்ற மூன்றையும் பார்த்தாற் போதும். ஹைப்பர்கார் ஒன்று 12 அல்லது 13 சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது ஏறத்தாழ முக்கால் மணிக்கு ஒரு தடவை, எரிபொருளுக்காக உள்ளே வரும். எரிபொருள் ஏற்றும்போது ரயர்களைத் தொடக்கூடாது என்பது விதி. ஆகவே ரயர் மாற்றினால் அந்த நேரம் தனியாகக் கூடும், மாற்றாது விட்டால் நேரம் மீதமாகும், ஆனால் தேய்ந்த ரயரோடு அடுத்த முக்கால் மணியையும் கழிக்கவேண்டும். இரண்டாமிடத்திலுள்ளது ஒரு தடவை அதிகமாக உள்ளே வந்திருக்கிறது என்று கொப்பியில் கண்டால், முன்னே செல்பவன் உண்மையில் முன்னே இல்லை என்று நாமே சொல்லிவிடலாம். வர்ணனையாளர் அதனைச் சொல்லுமுன் நாம் சொல்லும் அந்தக் கணத்தில்தான் பார்வையாளன் அபிமானியாகிறான்.

சாரதியின் பெயரையும் குறித்துக்கொள்ளவேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் நான்கு மணிக்கு மேலும், முழுப் பந்தயத்தில் 14 மணிக்கு மேலும் ஒருவர் ஓட்டக்கூடாது என்பது இன்றைய விதி. 1952இல் பியர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர் தமது தல்போ காரைத் துணைவரிடம் கொடுக்க மறுத்து, ஏறத்தாழ இருபத்துமூன்று மணி நேரம் தனியே ஓட்டி, நான்கு சுற்று முன்னணியில் இருந்த நிலையில் முடிவுக்கு ஒரு மணி நேரமளவே இருக்கையில் இயந்திரம் பழுதாகி நின்றுபோனார். 2009இல், தமிழ்நாட்டைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் பந்தயம் தொடங்குமுன் பிற்றுச் சுவரிலிருந்து குதிக்கையில் தோள் மூட்டு விலகிவிட, அவருக்குரிய ஓடிக் காரை மற்றைய இருவருமே இருபத்துநான்கு மணி நேரமும் பகிர்ந்தோட்டி ஏழாமிடத்துக்குக் கொண்டுவந்தனர். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012இல் அங்கே ஓடி, தம் துணைவர் இருவருடன் ஆறாமிடம் பெற்றார். இத்தகைய நினைவுகளைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருப்பது, இரவில் பாதை அமைதியாயிருக்கும் வேளைகளில் அருகிலிருப்பவர்க்குச் சொல்ல உதவும்.

உறக்கத்தைப் பற்றிப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் மேளக்கச்சேரியைக் கேட்கப் போன நம் முன்னோர் முழுநேரமும் விழித்திருந்தவர்களல்லர். வீதி மணலிலே துண்டை விரித்துச் சாய்ந்து, தவிலின் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது எழுந்து உட்கார்ந்தவர்கள். அந்த முறையே இதற்கும் ஏற்றது. லெ மானில் அந்நாட்களில் சூரியன் மறைவது இரவு பத்து மணியளவில். அது நமக்கு அதிகாலை ஒன்றரை. ஆகவே ஏழரை முதல் ஒன்றரை வரை நாம் பார்ப்பது அங்குள்ள மாலை வெளிச்சம். விளக்குகள் ஏற்றப்பட்டு, பிரேக் தட்டுக்கள் தணல்போலச் சிவந்து தெரியும் முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டரைக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுவதே நான் கண்ட சிறந்த ஒழுங்கு.

ஏழு மணிக்கு எழுந்து, கிணற்றடியில் இரண்டு வாளி அள்ளி வார்த்துக்கொண்டு, தேநீரோடு மீண்டும் அமரும்போது நம் முற்றத்தில் வெயில் ஏறிக்கொண்டிருக்கும். திரையிலோ இன்னும் நள்ளிரவின் மிச்சம். நமக்குக் காலை ஒன்பதரை ஆகும்போதுதான் அங்கே பொழுது புலர்கிறது. இந்த இரண்டரை மணி நேரத்தை ஒருவரும் தவறவிடலாகாது. சாரதிகள் களைத்து, இயந்திரங்கள் சூடேறி, கராச்களில் மெக்கானிக்குகள் கதிரையிலிருந்தபடியே கண்ணயர்ந்து கிடக்கும் இந்த வேளையில் தவறுகள் அதிகம் நிகழும். படுக்குமுன் எழுதிய இடத்தையும் எழுந்தபின் கண்ட இடத்தையும் ஒப்பிட்டு, இடையில் நம் காருக்கு என்ன நேர்ந்தது என்று சுற்று நேரங்களிலிருந்து ஊகித்தறிவது தனி இன்பம்.

ஞாயிறு நண்பகலில் ஒரு தூக்கம் போடலாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலமாதலால் உணவுக்குப் பின் தூக்கம் தானாகவே வரும். மாலை நான்கரைக்குக் கட்டாயம் எழுந்திருக்கவேண்டும். 2016இல், முடிவதற்கு ஐந்து நிமிடம்கூட இல்லாத நிலையில், முதலாவதாகச் சென்ற ரொயோட்டா வலுவிழந்து நேர்பாதையில் நின்றுவிட, போர்ஷ வென்றது. ரொயோட்டாவின் சாரதி கசுகி நகஜிமா மிக மெதுவாகக் கடைசிச் சுற்றை முடித்து வந்தும், அச்சுற்றுக்கு விதித்த நேரம் கடந்துவிட்டதால் அந்தக் கார் வரிசையிலேயே சேர்க்கப்படவில்லை. இருபத்துநான்கு மணி முடிந்தபின் கோட்டைக் கடந்து வரும் காரே முடித்த காராகும். அதனால் நடு இரவில் மணிக்கணக்காக கராச்சில் பிரிக்கப்பட்டுக் கிடந்த கார்களையும் மெக்கானிக்குகள் பூட்டி, கடைசி நிமிடங்களில் பாதைக்கு அனுப்புவதைக் காணலாம். ஏழரை மணிக்கு வெற்றிக் கார் கொடியைக் கடந்தவுடன் திரையை அணைத்துவிடாமல், நாம் தெரிந்தெடுத்த கார் வரும்வரை காத்திருந்து, அது முடித்த சுற்றுக்களின் எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதி, கீழே திகதியும் இடவேண்டும். சென்ற முறை என் மருமகன்தான் அதை எழுதினான். எழுதிவிட்டு, அடுத்த வருஷத்துக்கு எத்தனை தாள் மிச்சமிருக்கிறதென்று கொப்பியைப் புரட்டிப் பார்த்தான்.