நடைவண்டியா, வாக்கரா?

குழந்தைக்கு ஏழு எட்டு மாதம் நிறைந்ததும் பல வீடுகளுக்குச் சக்கர வாக்கர் வந்து சேர்கிறது. பெரும்பாலும் அது தாத்தா பாட்டியோ மாமாவோ அன்புடன் வாங்கித் தரும் பரிசு. “இதில் விட்டால் குழந்தை விரைவில் நடக்குமா?” என்பது பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. நடக்காது என்பதே எங்கள் விடை.

வாக்கரில் நிகழ்வது என்ன?

நடப்பதற்கு உடலைச் சமநிலையில் நிறுத்தும் திறன் வேண்டும். வாக்கரில் குழந்தையின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. குழந்தை கால்விரல் நுனியால் தரையை உந்துகிறது. முன்னிருக்கும் தட்டு மறைப்பதால் தன் பாதங்களையும் காண்பதில்லை. 2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான அயர்லாந்து ஆய்வு ஒன்றில், வாக்கரில் கழித்த ஒவ்வொரு 24 மணி நேரத்திற்கும், தனியாக நடப்பது ஏறத்தாழ 3.3 நாள்கள் தாமதமானதாகக் காணப்பட்டது.

இதனினும் பெரிது விபத்து. ஒரே நொடியில் மூன்றடிக்கு மேல் வாக்கர் உருண்டுவிடும். அருகில் நிற்பவர் எட்டிப் பிடிப்பதற்குள் குழந்தை படியை அடைந்துவிடும். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கர் காயங்களுக்காக அவசரப் பிரிவுக்கு வந்த, 15 மாதத்திற்குட்பட்ட குழந்தைகள் சுமார் 2,30,000 பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் நால்வரில் மூவர் படியில் உருண்டவர்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ காயம். கனடா 2004ஆம் ஆண்டிலேயே இவ்வகை வாக்கர்களின் விற்பனையைத் தடை செய்தது. பழைய வாக்கரை விற்பதும் அங்குக் குற்றமே.

நம் வீடுகளில் வேறு இடர்களும் உள்ளன. தரையில் இறக்கிவைத்த குழம்புச் சட்டி, வெந்நீர் வாளி, எரியும் குத்துவிளக்கு, தொங்கும் மின்கம்பி ஆகிய அனைத்தும் வாக்கரில் இருக்கும் குழந்தையின் கைக்கு எட்டுவன.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

தவழும் பருவத்தில் சுத்தமான தரையும், விரித்த பாயுமே போதும். பிடித்து எழுந்து, தானே உறுதியாக நிற்கும் குழந்தைக்கு நம் மரபான நடைவண்டி ஏற்றது. அதில் இருக்கை இல்லை. குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• பிடியை அழுத்தினாலும் பின்புறம் சாயாத, அகன்ற, கனமான அடிப்பகுதி.
• வழுக்கி ஓடாமல் மெல்ல உருளும் சக்கரங்கள்.
• சிலாம்பு, துருத்திய ஆணி, உரியும் சாயம் இல்லாத மரம்.
• ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021 சனவரி முதல் நம் நாட்டில் விளையாட்டுப் பொருள்களுக்கு இது கட்டாயம்.

நடைவண்டியையும் சமதளத்தில், பெரியவர் ஒருவர் கையெட்டும் தொலைவில் இருக்கும்போதே தரவேண்டும். படியின் மேலும் கீழும் தடுப்புக் கதவு அமையுங்கள். பரிசாக வந்த வாக்கரை வேறு வீட்டிற்குக் கொடுக்காமல் சக்கரங்களைக் கழற்றி அகற்றிவிடுங்கள்.

விழுந்துவிட்டால்

நினைவிழத்தல், மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்ப இயலாத தூக்கம், வலிப்பு, காது மூக்கிலிருந்து இரத்தமோ நீரோ வடிதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 108ஐ அழையுங்கள். வெந்த இடத்தில் 20 நிமிடம் குழாய்நீர் ஓடவிடுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் பூச வேண்டா.

எப்போது கவலைப்பட வேண்டும்?

நலமான குழந்தைகள் எட்டாம் மாதத்திற்கும் பதினெட்டாம் மாதத்திற்கும் இடையே வெவ்வேறு காலத்தில் தனியே நடக்கின்றனர். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டா. பதினெட்டு மாதம் நிறைந்தும் நடக்கவில்லை எனில், வாக்கர் வாங்காமல் குழந்தைநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். தாமதத்திற்குக் காரணம் இருப்பின், அதைக் காலத்தில் அறிவதே குழந்தைக்கு நன்மை.