இரும்பைத் தின்னும் துரு

மரம் வெட்டும் கத்தி கூராக இருந்தால் பட்டை சீராகச் சீவப்படும். பாலும் தடையின்றி வடியும். கத்தியின் வாயைத் துரு அரித்துவிட்டாலோ பட்டை பிய்ந்து வரும். கையின் அழுத்தம் கூடி, வெட்டு ஆழமாக இறங்கி, மரம் காயப்படும். காயம்பட்ட இடத்தில் மறுபட்டை மேடுபள்ளமாக வளரும். பிற்காலத்தில் அங்கே வெட்டுவது கடினமாகும். ஆகவே, துரு என்பது கத்திக்கு மட்டும் வந்த கேடு அன்று. மரத்திற்கும், அம்மரத்தை நம்பி வாழும் குடும்பத்தின் வருவாய்க்கும் வந்த கேடாகும்.

ஜொகூர் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும், ரப்பர் மரம் நிற்கும் தோட்டங்களிலும் சிறுதோட்டங்களிலும் கத்தியே இன்றும் முதன்மையான கருவியாக விளங்குகிறது. அது துருப்பிடிப்பதற்கு மழைதான் காரணம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது பாதி உண்மையே. மறுபாதிக் காரணம் நமது அடுக்களையிலும் குளியலறையிலும் இருக்கின்றது.

துரு உண்டாவது எவ்வாறு?

இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒன்றுசேரும்போது துரு பிறக்கின்றது. இம்மூன்றில் ஒன்று இல்லாவிடினும் துரு உண்டாகாது. கத்தி நீரில் நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்தாலே, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின்மீது படியத் தொடங்கும். ஜொகூரில் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதம் இதற்கு மேலேயே இருக்கின்றது. துருவோ, பொருக்குப் பொருக்காக உதிரும் தன்மையுடையது. உள்ளிருக்கும் இரும்பை அது காப்பதில்லை. ஒரு பொருக்கு உதிர்ந்தால் அடுத்த படலம் அரிக்கப்படும்.

வீட்டில் செய்து பார்க்கலாம்

பள்ளி செல்லும் பிள்ளைகளுடன் இதனைச் செய்து பார்க்கலாம். துத்தநாகம் பூசப்படாத ஐந்து இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்து, சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைத்து, ஐந்து கண்ணாடிப் போத்தல்களில் ஒவ்வொன்றாக இடுவோம். முதற்போத்தலில் கொதிக்க வைத்து ஆறிய நீரை ஆணி மூழ்குமாறு ஊற்றி, அதன்மேல் எண்ணெயை மிதக்கவிடுவோம். இரண்டாவதில் குழாய் நீர். மூன்றாவதில் ஒரு கரண்டி உப்புக் கலந்த நீர். நான்காவதில் காடி எனப்படும் வினிகர். ஐந்தாவதில் துணி வெளுக்கும் பிளீச் சிறிதளவு கலந்த நீர். ஐந்தாவது போத்தலைப் பெரியவரே தயாரிக்க வேண்டும். அதனை வினிகர்ப் போத்தலுக்கு அருகில் வைக்கலாகாது.

பிளீச் நீரில் சில மணி நேரத்திலேயே பழுப்பு நிறம் தோன்றும். உப்பு நீரிலும் குழாய் நீரிலும் ஓரிரு நாட்களில் துரு படியும். உப்பு நீரில் அது மிகுதியாக இருக்கும். காடியில் சிறு குமிழிகள் எழும். ஆணியை வெளியே எடுத்துக் கழுவாமல் விட்டால் அது விரைவில் பழுத்துவிடும். எண்ணெய் மூடிய நீரிலோ துரு மிகச் சிறிதே காணப்படும். ஏனெனில், அங்கே பிராணவாயுவுக்கு வழியில்லை.

மூவகைப் பகைவர்

உப்பு, இரும்பின்மேல் இயல்பாக இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தைக் குலைக்கின்றது. அத்துடன் காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்து வைக்கின்றது. உப்பின் வலிமைக்குத் தமிழகத்தின் பாம்பன் கடற்பாலமே சான்று. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலம் கடற்காற்றின் உப்பால் அரிக்கப்பட்டு, 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதனருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது.

புளிப்புப் பொருள்களான காடியும், புளிக்கரைசலும், எலுமிச்சைச் சாறும் துருவைக் கரைக்கும். நீண்ட நேரம் விட்டால் இரும்பையும் கரைக்கும். பால் உறைய வைக்கும் ஆசிட்டும் இவ்வினத்ததே. கத்தியில் ஒட்டிய பால்கூட நேரம் செல்லச் செல்ல நுண்ணுயிர்களால் புளித்து அமிலமாகின்றது. துத்தநாகம் பூசிய வாளியில் புளிப்பான உணவையும் பானத்தையும் வைக்கலாகாது. துத்தநாகம் கரைந்து அவற்றில் கலந்தால் வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகும்.

பிளீச், இரும்பை நேரடியாகத் தாக்கும் கடுமையான பொருள். அதனைக் கொண்டு துருக்கறையைப் போக்க முயல்வது எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போன்றதே.

எளிய வீட்டுப் பொருள் பெரிய உருக்கையும் அரிக்கும் என்பதற்குக் கல்கத்தாவின் ஹௌரா பாலம் மற்றுமொரு சான்றாகும். 1943-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலத்தின் தூண்களுடைய அடிப்புறத்தைக் காக்கும் உருக்கு மூடிகள், வழிப்போக்கர் உமிழ்ந்த வெற்றிலைபாக்கு எச்சிலால், சில ஆண்டுகளிலேயே 6 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டராகத் தேய்ந்தன என்று பாலத்தைப் பராமரிப்போர் கண்டறிந்தனர். பின்னர் அவற்றிற்குக் கண்ணாடியிழை உறை போடப்பட்டது.

நாம் செய்ய வேண்டியவை

வேலை முடிந்ததும் கத்தியில் ஒட்டிய பாலை நீக்கி, நல்ல நீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பின்னர்த் தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூசி, உப்பு, காடி, ஆசிட், பிளீச் ஆகியவை இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். மறுநாள் வெட்டுமுன் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். அது பாலில் கலக்கலாகாது. ஆசிட்டைப் பிளாஸ்டிக் கலத்திலேயே கலக்க வேண்டும்; நீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டுமேயன்றி, ஆசிட்டில் நீரை ஊற்றலாகாது. மண்வெட்டி, பாராங் போன்றவற்றில் துரு ஏறியிருந்தால், காடியில் சில மணி நேரம் ஊற வைத்துத் தேய்த்து, ஆப்பச் சோடா கலந்த நீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். துரு விரைவில் போகும் என்று கருதிக் காடியையோ ஆசிட்டையோ பிளீச்சுடன் கலக்கவே கூடாது. கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். அடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகும். தற்செயலாகக் கலந்துவிட்டால் உடனே காற்றோட்டமான வெளியிடத்திற்குச் சென்றுவிட வேண்டும்.

மற்றொன்று ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் பற்றியது. துரு அந்நோயைத் தருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியே தருகின்றது. மண்ணில் கிடந்த ஆணி ஆழமாகக் குத்தினால் கிருமி உள்ளே செல்லும். ஆணி பளபளப்பாக இருந்தாலும் அவ்வாறே. காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, தாமதமின்றிக் கிளினிக்குக்குச் சென்று ஊசி பற்றிக் கேட்டறிய வேண்டும்.

மழையையும் ஈரக்காற்றையும் நம்மால் தடுக்க இயலாது. ஆனால் உப்பையும் புளிப்பையும் கத்தியிலிருந்து விலக்கி வைப்பது நம் கையில்தான் இருக்கின்றது. நாள்தோறும் இதற்கு ஐந்து நிமிடமே போதும்.