ஜீப் ஏன் உருளவில்லை?

எட்டாம் வகுப்பு உராய்வுப் பாடத்துக்குப் புத்தகத்தில் உள்ள பந்து தாங்கிப் படமே போதும் என்று பல ஆண்டுகள் இருந்துவிட்டேன். இந்த ஆண்டு அந்தப் பாடத்தை, மேலூர்க் குழந்தைகளை எங்கள் மலைப்பள்ளிக்கு ஏற்றிவரும் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பே நடத்தியது.

"சார், இப்பல்லாம் வண்டி சில்வர் ஓக் மரத்துக்கிட்டயே நின்னுருது" என்றாள் அதில் வரும் மாணவி ஒருத்தி. வழக்கமாக அந்த மரத்தருகே நியூட்ரலில் போட்டால் வண்டி தானாக உருண்டு கேட்டுக்கு வந்துவிடும். இப்போது சத்தமும் வருகிறதாம். ஓட்டுநர் அண்ணனைக் கேட்டால், "டீசல் சரியில்ல சார்" என்றார். அதைக் கரும்பலகையில் எழுதி, "சரிதானா?" என்று வகுப்பிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "நியூட்ரல்ல இன்ஜின் சக்கரத்தைச் சுத்தாதே சார். டீசல் என்ன பண்ணும்?" என்றான்.

மைதானத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டோம். 10 கி.மீ. வேகத்தில் வந்து, கோட்டில் நியூட்ரலுக்கு மாற்றி, பிரேக் தொடாமல் விடவேண்டும். வண்டி நின்ற பிறகே மாணவர்கள் டேப்புடன் கிட்டே போகலாம். இதில் நான் கண்டிப்பாக இருந்தேன். மைதானம் சமமாகத் தெரிந்தாலும் ஒரு பக்கம் சற்றுச் சரிவு. அதனால் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தோம்: 8 மீட்டர்.

டயர்களில் காற்று சரியாக இருந்தது. அடுத்து முன்சக்கர ஹப். மழையில் சேற்றுக்காக நான்கு சக்கர இயக்கத்துக்குப் போனவர், பிறகு லீவரை மட்டும் இரண்டுக்கு மாற்றியிருக்கிறார். ஹப்பைக் கையால் திருப்பி விடுவிக்கவில்லை. அதனால் முன் அச்சும் அதன் பல்சக்கரங்களும் வேலையே இல்லாமல் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டிருந்தன. விடுவித்ததும் 'ஊங்' என்ற ஓசை நின்றது. தூரம் 10 மீட்டர் ஆனது.

கண்டுபிடித்துவிட்டோம் என்று கைதட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன். முதலில் சொன்ன மாணவி மட்டும் கைதட்டவில்லை. "கேட்டுக்கு இன்னும் தூரம் இருக்கே சார். 'சர்க் சர்க்'னு அந்தச் சத்தமும் போகல." இரண்டு சத்தம் இருந்ததை நான் கவனிக்கவேயில்லை.

உராய்வு இருந்தால் வெப்பம் இருக்கும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய வெப்பமானி பீரோவில் கிடந்தது. அதில் பொருளின் வெப்பநிலையை அளக்கும் வசதியும் உண்டு. பளபளப்பான உலோகத்தில் தவறாகக் காட்டும் என்பதால் துருவேறிய இடமாகப் பார்த்து அளக்கச் சொன்னேன். "மலை இறங்கி வந்தா எல்லா பிரேக்கும் சூடாத்தானே இருக்கும்?" என்று ஒருவன் மடக்கினான். நியாயம்தான். எனவே பிரேக் அதிகம் தேவைப்படாத ஏற்றத்தில், அடிவாரத்திலிருந்து சத்துணவு அரிசியோடு வண்டி ஏறி வந்தவுடன் அளந்தோம். மூன்று சக்கரங்களில் 36, 37, 38 டிகிரி. முன் இடதில் 71.

அன்று மாலை குழந்தைகளை அந்த வண்டியில் அனுப்பவில்லை. பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கினார். மற்ற சக்கரங்கள் கையால் தள்ளியதும் சுற்றின. இது நகர மறுத்தது. பிரேக் பிஸ்டன் துருப்பிடித்து, மிதியை விட்ட பின்னும் பின்வாங்காமல் கட்டையைத் தட்டோடு அழுத்தியபடி நின்றிருக்கிறது. "இப்படியே இறக்கத்துல போனா பிரேக் ஆயில் கொதிச்சிரும். அப்புறம் மிதிச்சா மிதி தரையைத் தொடும், வண்டி நிக்காது" என்றார். எங்கள் மலைச்சாலையின் வளைவுகள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை.

பழுது பார்த்த பின் அதே கோட்டிலிருந்து 16 மீட்டர்.

வெப்பமானி இப்போது ஜீப்பிலேயே இருக்கிறது. ஏற்றம் ஏறி வந்ததும் ஓட்டுநர் அண்ணனே நான்கு சக்கரத்தையும் பார்த்துவிடுகிறார். இதை இருப்புப் பதிவேட்டில் எப்படிக் காட்டுவது என்றுதான் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.