ஒரு சொல்லும் இரு சபைகளும்

அயலாரிடம் கொள்ளும் பகையைக் காட்டிலும் உடன்பிறந்தாரிடையே மூளும் பகை ஆழமானது. ஆறுவதற்கும் நெடுங்காலம் பிடிப்பது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவரும் ஒருவரையொருவர் நோக்கிய விதம் இதற்குத் தக்க சான்றாகும். இருவருக்கும் ஆண்டவர் ஒருவரே. வேதநூலும் பெரும்பகுதி ஒன்றே. ஆயினும் 1517-ஆம் ஆண்டு ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் தொடங்கிய வாதம் ஐரோப்பாவில் போர்களாக வெடித்தது. பின்னர் அது கப்பலேறித் தமிழகக் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது.

லூதரின் நெறியைச் சார்ந்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கத்தோலிக்கக் குருமார்கள் தமிழில் எழுதி வந்தனர். அந்நூல்களைச் சீகன்பால்கு தேடிச் சேர்த்துப் பயின்றார். இறைவனைக் குறிக்க அவர்கள் வழங்கிய ‘சர்வேசுரன்’ என்னும் சொல்லைத் தாமும் கையாண்டார். 1715-இல் அவரது புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறியது. கருத்தால் எதிரியெனக் கருதியவர்களிடமிருந்தே, கடவுளைக் குறிக்கும் சொல்லை அவர் பெற்றுக்கொண்டார் என்பது சிந்திக்கத்தக்கது.

ஏறத்தாழ அக்காலத்திலேயே தமிழகம் வந்தவர் கத்தோலிக்கத் துறவியான வீரமாமுனிவர். ‘தேம்பாவணி’ பாடிய அதே கை, லுத்தேரன் சபையினரைக் கண்டித்து ‘வேத விளக்கம்’, ‘லுத்தேரினத்தியல்பு’ முதலிய நூல்களையும் எழுதியது. தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழை முனிவர் கடுமையாக எள்ளினார். லுத்தேரன் தரப்பும் வாளாவிருக்கவில்லை. அதன் கண்டன நூலுக்கு அவர் ‘பேதகமறுத்தல்’ எழுதி மறுமொழி தந்தார்.

நடுநிலையுடன் நோக்கின், தமிழ் நடையைப் பொறுத்தவரை முனிவர் கூறியதில் நியாயம் உண்டு. முதல் முயற்சிக்குரிய கரடுமுரடு அம்மொழிபெயர்ப்பில் இருந்தது. ஆனால் சில ஆண்டுகளே தமிழ் பயின்ற ஒருவர், எளிய மக்களின் கையில் வேதத்தைக் கொடுக்க வேண்டுமென்று உழைத்த உழைப்பைப் பாராட்ட அவருக்கு மனம் வரவில்லை.  மறுப்பதற்காகவே படிக்கும்போது, பிறர் நூலில் குற்றம் மட்டுமே கண்ணில் படுகிறது. இருவரும் தமிழை நேசித்தவர்கள். அந்த நேசமே இருவரையும் இணைத்திருக்கலாம்.

அதன் பிறகும் இரு சபையினரும் வேதத்தைத் தனித்தனியே மொழிபெயர்த்து வந்தனர். கடவுளின் பெயர் முதற்கொண்டு சொற்கள் வேறுபட்டன. பேச்சைக் கேட்டே இன்ன சபையென்று அறியும் நிலை உண்டாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட ஏட்டில், மற்றச் சபையினரைப் ‘பிரிந்த சகோதரர்’ என்றே அழைத்தது. அதன் பின்னரே சேர்ந்து உழைக்கும் எண்ணம் வலுப்பெற்றது. இரு தரப்பு அறிஞர்களும் ஒன்றுகூடி உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. கத்தோலிக்கர் ஏற்று, புராட்டஸ்டண்டு சபையினர் ஏற்காத நூல்களை அதில் அவர்கள் மறைக்கவுமில்லை, ஏனையவற்றோடு கலக்கவுமில்லை. ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்று பெயரிட்டுத் தனிப்பகுதியாக வைத்தனர். வேற்றுமையை நேர்மையுடன் ஒப்புக்கொண்டு உடன் அமர்வது என்பது இதுவே.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தேரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதன் மீட்கப்படுவது இறையருளால் எனும் அடிப்படையில் இருவரும் உடன்பட்டனர். பதினாறாம் நூற்றாண்டில் பரஸ்பரம் விதித்த கண்டனங்கள், அவ்வறிக்கையில் எதிர்த்தரப்பு விளக்கியுள்ள போதனைக்குப் பொருந்தா என்றும் அறிவித்தனர். இதைச் சொல்ல நானூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்க ஆலயங்களில் ஒலிக்கிறது. புராட்டஸ்டண்டு இல்லங்கள் பலவற்றில் பழைய வேதாகமமே விரிக்கப்படுகிறது. திருவிருந்தில் இரு சபைகளும் இன்னும் பொதுவாகப் பங்குகொள்வதில்லை. சபை வேறுபட்ட தம்பதியரில் ஒருவர் எழுந்து பீடத்தை நோக்கிச் செல்ல, மற்றவர் இருக்கையிலேயே காத்திருக்கிறார்.