வீடு ஒரு மாநிலம், நீங்க ஒரு மாநிலம்: எல்.எல்.சி.யை எங்கே பதியணும்?

கலிஃபோர்னியாவில் சம்பாதிச்சு, ஒஹாயோவில் வாடகை வீடு வாங்கப் போற தங்கச்சி, தம்பிங்களா! "டெலவேர்ல கம்பெனி போடு, வரியே கிடையாது"ன்னு யாராவது சொன்னதும் கிரெடிட் கார்டை எடுத்து நீட்டாதீங்க. முதல்ல இதைப் படிங்க.

1. வீடு எங்கே இருக்கோ, எல்.எல்.சி.யும் (வீட்டை வெச்சிருக்கப் போற உங்க கம்பெனி) அங்கேயே இருக்கட்டும். குடியிருக்கிறவர் படியில வழுக்கி விழுந்து கேஸ் போட்டா, பெரும்பாலும் அந்த ஊர் கோர்ட்லதான் நடக்கும். வாடகை வருமானத்துக்கு அந்த மாநிலமும் வரி கேட்கும். டெலவேர் பேரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

2. டெலவேர் கம்பெனி ஒஹாயோவில் வாடகைத் தொழில் பண்ணணும்னா, அங்கேயும் வெளிமாநிலக் கம்பெனியா பதியணும். பதியாம விட்டா, வாடகை தராதவரைக் காலி பண்ண கோர்ட்டுக்குப் போற அன்னிக்கு மாட்டிப்பீங்க. பதிஞ்சாலோ ரெட்டைச் செலவு: டெலவேருக்கு வருஷா வருஷம் ஜூன் 1-க்குள்ள 300 டாலர், ரெண்டு மாநிலத்திலும் கோர்ட் நோட்டீஸ் வாங்கிக்கிற ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட். நேரா ஒஹாயோவில் போட்டா 99 டாலரோட பதிவு முடிஞ்சுது, எல்.எல்.சி.க்கு வருடாந்திர அறிக்கையும் அங்கே கிடையாது.

3. இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. டெலவேருக்குப் பதிலா வயோமிங்ல பதிஞ்சா வருஷத்துக்கு 60 டாலர்தானேன்னு சந்தோஷப்படாதீங்க. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து நீங்களே நிர்வாகம் பண்ணினா, கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் கலிஃபோர்னியா வரித்துறையான ஃபிராஞ்சைஸ் டாக்ஸ் போர்டு வருஷத்துக்கு 800 டாலர் கேட்கும். வாடகை வராத வருஷத்திலும் கட்டணும். அந்த 800-ஐ வீட்டு லாபத்தோட வெச்சுப் பாருங்க. ஒரே ஒரு சின்ன வீடுன்னா, சொந்தப் பேரிலேயே வாங்கி, வாடகை வீட்டு இன்ஷூரன்ஸும் அம்ப்ரெல்லா பாலிசியும் எடுக்கிறது பல பேருக்குப் போதும்.

4. சொந்தப் பேர்ல 30 வருஷக் கடன் வாங்கிட்டு, சத்தமில்லாம வீட்டை எல்.எல்.சி. பேருக்கு மாத்தாதீங்க. முழுக் கடனையும் உடனே கட்டுன்னு கேட்க, கடன் பத்திரத்திலேயே பாங்குக்கு உரிமை இருக்கும். எழுத்தில் சம்மதம் வாங்குங்க. மாத்தினதும் இன்ஷூரன்ஸ்லயும் பேர் மாறணும்.

5. வாடகைப் பணத்துக்குத் தனி பாங்க் அக்கவுன்ட். அதுல மளிகை வாங்கக் கூடாது. வாடகை ஒப்பந்தத்துல வெறும் கையெழுத்தும் கூடாது. கம்பெனி பேரை எழுதி, கீழே உங்க பேர், பக்கத்துல "மேனேஜர்"னு போடுங்க. உங்களையும் கம்பெனியையும் கலந்துட்டா, கம்பெனியைத் தாண்டி உங்க சொத்துக்கே கை நீட்ட எதிராளி வக்கீலுக்கு வழி கிடைச்சுடும்.

பத்திரம் யார் பேர்லங்கிறதை குளோசிங்குக்கு முன்னாடியே டைட்டில் கம்பெனிகிட்ட எழுதிக் கொடுங்க. அப்புறம் மாத்தினா மறுபடியும் பதிவுச் செலவு, மறுபடியும் அலைச்சல்.