பூஞ்சாணம் கக்குவதெல்லாம் விஷமா?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மணிமங்கலம் போகிறவர்கள், ஏரிப் பாசனத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் வயல்களில், மார்கழிப் பனி விழுந்த காலையில், நெல்லிலைகளின்மேல் இரு முனையும் கூர்த்து, நடுவே சாம்பல் பூத்து, ஓரம் பழுப்பேறிய கண் வடிவப் புள்ளிகளைப் பார்த்திருக்கக்கூடும். அதுதான் குலைநோய். அதை விளைவிக்கும் பூஞ்சாணம் கக்குவதெல்லாம் விஷமே என்பதும், அதை விழுங்கி மடிவதைத் தவிரப் பயிருக்கு வேறு கதியில்லை என்பதும் விவசாயி முதல் மாடித்தோட்டக்காரர் வரை பலருடைய திடமான அபிப்பிராயம்.

அது அடியோடு ஆதாரமற்றதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் பேராசிரியர் டி.எஸ். சதாசிவன் குழுவினர் பருத்தி வாடல்நோயை ஆராய்ந்து, பியூசேரியம் என்னும் பூஞ்சாணம் பியூசாரிக் அமிலமாகிய நஞ்சைப் பரிசோதனைக் குடுவையில் மட்டுமன்றி நோயுற்ற செடியின் உடலுக்குள்ளேயே சுரக்கிறதென்று 1950களில் காட்டினார்கள். இதுவே முழுக் கதை என்று நினைப்பதுதான் பிழை.

பூஞ்சாணத்தின் உடற்சுவரில் கைட்டின் இருக்கிறது. கோவளத்துக் கரையில் கிடக்கும் நண்டோட்டிலுள்ள அதே பொருள். நெல்லின் நொதிகள் அச்சுவரை அரித்துத் துணுக்குகளாக்க, அத்துணுக்குகளை உயிரணுவின் மேற்புறத்துப் புரதமொன்று (ஜப்பானிய விஞ்ஞானிகள் 2006இல் அடையாளம் கண்டது) பற்றிக்கொள்ள, சில நிமிஷங்களில் வீரியமிக்க ஆக்சிஜன் பொருள்கள் பொங்கி, பிறகு பைட்டோஅலெக்சின் என்னும் எதிர்ப்பொருள்களும் சுரக்கத் தொடங்குகின்றன. திருடன் வேலியில் விட்டுப்போன சட்டைக் கிழிசலே ஊரை எழுப்பிவிடுகிறது! பூஞ்சாணமும் சளைத்ததன்று, அத்துணுக்குகளைக் கவ்வி ஒளித்துவிடும் புரதமொன்றைத் தானும் வெளியிடுகிறது. வயலில் நடப்பது இந்த மல்லுக்கட்டுதான்.

பூஞ்சாணமெல்லாம் பகை என்போர் பலர் டிரைக்கோடெர்மா பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் கலக்கிறார்கள் என்பதும் வேடிக்கை. அதுவும் பூஞ்சாணமே, செடியின் எதிர்ப்பைத் தூண்டுவதும் அதன் தொழில்களில் ஒன்று.

நண்டு, இறால் ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானைத் தெளித்தால் வந்த நோய் போய்விடும் என்பது மற்றொரு நம்பிக்கை. இவ்வகைத் தூண்டிகள் நோய் வருமுன் செடியை உஷார்ப்படுத்துமேயன்றி, கருகிய இலையை மீட்டுத் தாரா. தழைச்சத்து மிகுந்த பயிரிலோ குலைநோய் இன்னும் உக்கிரமாகப் பரவும். ஆகவே இலையில் அந்தக் கண் திறந்துவிட்டால், நோய் அடங்கும்வரை யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்.